ஏழாவது பெயர்

சான் ஹோசே, கலிபோர்னியா
12 மார்ச் 1994

அன்புள்ள அண்ணிக்கு,

மியென் எழுதுகிறேன். பத்தொன்பது வருஷத்தில் இது நான்காவது கடிதம். முதல் மூன்றும் வந்து சேர்ந்தனவா, வந்தும் பதில் போட மனமில்லையா என்று எனக்குத் தெரியாது. இப்போது இரண்டு நாட்டுக்கும் இடையில் தபால் ஒழுங்காகப் போகிறதாம். அந்த நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

தியெப் ஐயா போன நவம்பரில் இறந்துபோனார். எண்பத்தொரு வயது. உள்நாட்டு அமைச்சராக இருந்தவர் இங்கே ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பத்து வருஷம் துண்டு மடித்துக்கொண்டிருந்தார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். வேறு யாரும் போனதாகத் தெரியவில்லை. செத்த பிறகு மாலையோடு நூறு பேர் வந்தார்கள்.

நம் மாகாணத்து ஆட்கள் இங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட வேண்டுமென்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எட்டு வருஷம் அவருக்குத் தட்டச்சு செய்தவள் நான்தானே. சா டெக்கில் மாகாணத் தலைவராக இருந்த காலத்தில் இரண்டு வருஷம், பிறகு சைகோனில் ஆறு வருஷம். அங்கே உங்கள் ஊரில் அவரைப் பேய் என்கிறார்கள். இங்கே சங்கத்தில் தெய்வம் என்கிறார்கள். நான் இரண்டும் இல்லாமல் நியாயமாக எழுத ஆசைப்படுகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அறுபத்தொன்றில் பெருவெள்ளம் வந்தபோது அவர் நம் வீட்டுக்கு வந்தாரே, அன்று நான் மாகாண அலுவலகத்தில் இருந்தேன். என்ன நடந்தது, என்ன பேசினார் என்று நீங்கள் எழுதினால் போதும்.

அண்ணா விஷயத்தை நான் கேட்கவில்லை. அதை எழுதவும் போவதில்லை. புத்தகம் அவரைப் பற்றியதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மியென்

---

சா டெக்
9 மே 1994

மியென்,

கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். பழைய மூன்றும் வந்தன. பதில் போடவில்லை.

உன் அப்பா அம்மா கல்லறைகளுக்கு வருஷா வருஷம் புல் வெட்டி விடுகிறேன். வீட்டின் பின்கட்டு போன வருஷம் ஆற்றோடு போய்விட்டது. வயலைப் பூந்தோட்டமாக மாற்றிவிட்டேன். தண்ணீருக்கு மேல் பரண் கட்டி அதில் தொட்டிகள். புத்தாண்டுக்குச் செவ்வந்தி போகும். எனக்கு அறுபது ஆகிறது. முழங்கால் தவிர மற்றதெல்லாம் வேலை செய்கிறது.

அண்ணா விஷயத்தை எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டு நியாயமாக எழுதப் போகிறேன் என்றும் சொல்கிறாய். இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. எழுதிய பிறகு திரும்ப ஒரு தடவை படித்துப் பார்க்கும் பழக்கம் தட்டச்சருக்கு இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே கலாசாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். உன் அண்ணனைச் சுட்ட இடத்தில் தியெப் நின்று பார்த்தான் என்று நான் சொல்ல வேண்டுமாம். அந்த மனுஷன் அங்கே இல்லை, சைகோனில் இருந்தான் என்றேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "அவன் அங்க நின்னான்னு எழுதினாத்தான் அத்தை, பாக்கறவங்களுக்குப் புரியும்." அப்படியே எழுதி மாட்டிவிட்டார்கள். லுவானின் கல்யாணப் புகைப்படத்திலிருந்து என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் தியெப்பின் படம், பல் நீளமாக வரைந்தது. திறப்பு விழாவில் நான் அதற்குக் கீழே நின்றேன். சுட்டதையும் அடித்ததையும் பற்றி யாரோ பேசினார்கள். எனக்குக் கால் வலித்தது.

ஆக உன் தியெப்பைப் பற்றி என்னிடம் கேட்கிற இரண்டாவது ஆள் நீ.

உன் மேல் எனக்கு ஒரு கேள்வி இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறது. கேட்டுவிடுகிறேன். அறுபத்தாறில், குதிரை வருஷத்தில், அன்று பதினோரு பேரைச் சுட்டார்கள். பத்துப் பேரை அங்கேயே குழியில் போட்டு மூடிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் எந்த மண் என்று தெரியாமல் ஆற்றைப் பார்த்து ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். லுவான் மட்டும் மூன்றாம் நாள் படகில் வந்தார், பலகைப் பெட்டியில், முகம் துடைத்து. கூட வந்த சிப்பாய் சொன்னான்: "மந்திரி ஆபீஸ்லேருந்து உத்தரவு."

மந்திரி ஆபீசில் எனக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். பிணத்தை அனுப்பி வைக்க முடிந்த உனக்கு ஆளை அனுப்பி வைக்க முடியவில்லை. அதனால்தான் காரியத்துக்கு வந்த உன்னை வாசலோடு திருப்பி அனுப்பினேன். காரணம் இதுதான். அன்று சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்.

வெள்ளத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

சுயேன்

---

சான் ஹோசே
3 ஜூன் 1994

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இன்று காலை படித்தேன். மதியம் வேலைக்குப் போகவில்லை.

பெட்டியை நான் அனுப்பவில்லை. அப்படி ஒரு பெட்டி வந்ததற்கு மந்திரி அலுவலகம் காரணம் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். பதினோரு பேரையும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என்னை யாரும் திருத்தவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

நீங்கள் உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ராணுவ நீதிமன்றத்திலிருந்து பட்டியல் கையெழுத்துப் பிரதியாக வந்தது. திங்கட்கிழமை காலை. நான்தான் தட்டச்சு செய்தேன், மூன்று படிகள். ஏழாவது பெயர் ஹுயின் லுவான், முப்பத்திரண்டு வயது, ஆசிரியர், சா டெக். என் விரல் நின்றதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. நின்றிருந்தால் இன்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். எட்டாவது பெயரில் ஒரு எழுத்துப் பிழை வந்தது. அதை அழித்துச் சரிசெய்தேன்.

உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அவர் பேனாவை எடுத்தார். தாளைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. கையெழுத்துப் போட்டார். "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். கலகக்காரனின் தங்கை என்று தெரிந்தால் என்னையும் கொண்டுபோவார்கள் என்ற பயம். இன்று அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். அன்று என்ன நினைத்தேன் என்று உண்மையிலேயே எனக்கு நினைவில்லை. எதிர்க் கடையில் போய் நொய்யரிசிச் சோறு சாப்பிட்டேன். மீன் நன்றாக இருந்தது. அது நினைவிருக்கிறது.

இங்கே வந்த பிறகு, எண்பத்தேழில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். குதிரை வருஷத்துப் பதினோரு பேரை நினைவிருக்கிறதா என்றேன். நிதானமாக ஒரு சுளையை எனக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் பேரைப் படிக்கறதில்ல, மியென். படிச்சா கையெழுத்துப் போட முடியாது. அதனால படிக்கறதில்ல."

ஏழு வருஷம் அதை நம்பினேன். அதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது. அவருக்குத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். என் பயத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை.

இன்று உங்கள் கடிதம் வேறு சொல்கிறது. பதினோரு பேரில் ஒருவரை மட்டும் முகம் துடைத்து அனுப்பச் சொன்னவருக்கு அவர் யாருடைய அண்ணன் என்று தெரிந்திருக்கிறது. அவர் படித்திருக்கிறார். அதைத் தட்டச்சு செய்தவள் நான் என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே பன்னிரண்டு வருஷம் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார், படிக்கவில்லை என்று பொய் சொன்னார். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா, தன்னைக் காப்பாற்றவா என்று தெரியவில்லை.

வேறு ஏதாவது உண்டா என்று அவர் தினமும் கேட்பதுதான். அன்று நான் பேசுவேன் என்று காத்திருந்து கேட்டார் என்று எழுதினால் புத்தகத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.

நீங்கள் பதில் போட வேண்டாம்.

மியென்

---

சா டெக்
20 நவம்பர் 1994

மியெனுக்கு,

ஐந்து மாதம் ஆகிவிட்டது. உன் கடிதத்தை லுவான் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். படித்ததும் கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அரிசி களைந்தேன். அவர் திதியன்று மறுபடி எடுத்துப் படித்தேன். அன்றும் வரவில்லை. இப்போது செவ்வந்திக்கு மொட்டுக் கிள்ளும் வேலை. கை தானாகச் செய்கிறது. அதனால் யோசிக்க நேரம் இருக்கிறது.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டாய். எழுதுகிறேன்.

அந்த மனுஷன் ஒரே ஒரு படகோட்டியோடு வந்தார். கால்சட்டையை முட்டிவரை மடித்திருந்தார். தண்ணீர் ஜன்னலுக்கு மேல் நின்றது. நாங்கள் கூரைக்கு அடியில் மூங்கில் பரண் போட்டு அதில் இருந்தோம். ஏறி வந்து எங்களோடு உட்கார்ந்தார். சட்டி அடியில் பிடித்த சோறும் உப்பும்தான் இருந்தது, சாப்பிட்டார். லுவானுக்கும் அவருக்கும் உடனே வாக்குவாதம். பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை என்று மூன்று மனு போட்டேன் என்று லுவான் ஆரம்பித்தார். கடைசியில், "நீங்க திருடங்களுக்குக் காவல்காரரு, அவ்வளவுதான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சிரித்தார். "காவல்காரன் இல்லன்னா வாத்தியாரே, திருடன் உங்க வீட்டுக்கே வந்துடுவான்" என்றார். வெள்ளம் வடிந்து பத்து நாளில் நாற்பது தகரம் வந்தது. அந்தத் தகரம் இன்றைக்கும் பள்ளிக்கூடத்தின் மேல்தான் இருக்கிறது.

மறு வருஷம் அதே மனுஷன் சைகோனிலிருந்து போட்ட உத்தரவில் எங்கள் எல்லோரையும் முள்வேலி போட்ட இடத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்துவிடக் கூடாது என்று வீடுகளைக் கொளுத்தினார்கள். நம் வீட்டையும்தான். அந்தப் பரணும் எரிந்தது. இரண்டையும் எழுது. ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் எனக்கு அனுப்பாதே.

இன்னொன்று உண்டு. அதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய்.

கண்காட்சியில் லுவானை ஒன்றும் அறியாத வாத்தியார் என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் சங்கத்தில் என்ன சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். நடந்தது இது. நீ சைகோனுக்குப் போன பிறகு இங்கே ஒரு கிராமத் தலைவரை நியமித்தார்கள். அவர் மாமனார் வீட்டு விசேஷத்துக்கு எந்த நாள், எந்தக் கால்வாய் வழியாகப் போவார் என்று காட்டுக்குள் இருந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பியது உன் அண்ணன். திரும்பக் கட்டிய நம் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படகிலேயே சுட்டார்கள். அவருடைய ஒன்பது வயது மகள் ஹேன் அந்தப் படகில் இருந்தாள். தெரிந்தபோது லுவான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போனார்.

அரசு அவர் மேல் வைத்த குற்றச்சாட்டு அதுதான். உன் தியெப் பொய்க் குற்றத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் விசாரணை இருபது நிமிஷம். அதிலும் அந்தப் பதினொன்றில் உப்புப் படகுக்காரர் ஒருவர் இருந்தார், அவர் எதிலும் இல்லை, அது ஊருக்கே தெரியும். அவருக்கும் அதே இருபது நிமிஷம்தான். படிக்காமல் போட்டாலும் படித்துப் போட்டாலும் அது அந்த மனுஷனின் கையெழுத்து.

ஹேன் இப்போது சந்தையில் விரால் கருவாடு விற்கிறாள். இருபது வருஷமாக வாரா வாரம் அவளிடம்தான் வாங்குகிறேன். என்னை அக்கா என்பாள். எடை கூடவே போடுவாள்.

சுயேன்

---

சான் ஹோசே
18 பிப்ரவரி 1995

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தாண்டுக்குப் பூ நன்றாகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அறுபத்து நான்கு பக்கம் எழுதி முடித்தேன். சங்கத் தலைவர் முன்னாள் கர்னல். என்னை ஒரு சேமியா சூப் கடைக்கு வரச்சொன்னார். நாலு பேர் இருந்தார்கள். தகரம் வந்ததைப் படித்தபோது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முள்வேலியைப் படித்தபோது, அது அமெரிக்கர்கள் சொன்னது, அவர் என்ன செய்வார் என்றார்கள். உப்புப் படகுக்காரர் வந்ததும் கர்னல் தாள்களைத் திருப்பி வைத்துவிட்டார்.

"நீ எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் அவருடைய தட்டச்சர் என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்தப் பகுதிகளை எடுத்துவிட்டால் போட்டுவிடலாம் என்றார்கள். எடுக்கமாட்டேன் என்றேன். வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். ஏப்ரலில் தங்க எழுத்து அட்டையோடு வரப்போகிறதாம். அதில் தியெப் ஐயா சலவைக்கூடத்தில் வேலை செய்யவில்லை, ஓய்வில் இருந்து தோட்டம் போட்டார்.

ஒரு படி பிரான்சில் இருக்கும் அவர் மகளுக்கு அனுப்பினேன். ஒரு வரிப் பதில் வந்தது. "எங்கப்பாவ இவ்வளவு நல்லவரா ஏன் எழுதினீங்க?" அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவள் எதை அறிவாள் என்று எனக்குத் தெரியாது. எட்டு வருஷம் அலுவலகத்தில் பார்த்தேன், பன்னிரண்டு வருஷம் சோறு கொண்டுபோனேன். வீட்டுக்குள் அவரை நான் பார்த்ததே இல்லை. இந்த வரியையும் புத்தகத்தில் சேர்த்துவிட்டேன், அவள் பெயர் இல்லாமல்.

அச்சுக்குப் போக வழியில்லை. போகவேண்டும் என்ற ஆசையும் இப்போது பெரிதாக இல்லை. இரண்டு படிகள் என்னிடம் இருக்கின்றன. நம் வீட்டைப் பற்றிய பதினான்கு பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். ஏழாவது பெயரை யார் தட்டச்சு செய்தது என்பது அதில் இருக்கிறது. அண்ணா செய்ததும் இருக்கிறது. வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். நான் எடுக்கமாட்டேன். ஆனாலும் சொல்லுங்கள்.

மியென்

---

சா டெக்
27 ஏப்ரல் 1995

அன்புள்ள மியெனுக்கு,

பதினான்கு பக்கமும் வந்தன. இந்தத் தடவை பிரித்துப் பார்க்கவில்லை. போர் முடிந்து இருபது வருஷம் ஆனதற்கு விழா. தபால்காரர்களும் கொடி கட்டப் போயிருப்பார்கள் போலிருக்கிறது. சந்தை முழுக்கச் சிவப்பு. ஒலிபெருக்கி காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இரண்டு தடவை படித்தேன். அந்த மனுஷன் பரணில் உட்கார்ந்து சிரிப்பதைப் படித்தபோது எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அப்படித்தான் சிரித்தார். உன்னைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தில் உன்மேல் நீ இரக்கம் காட்டவில்லை. சரி. லுவானைப் பற்றி எழுதியிருப்பதில் ஒரு தப்பும் இல்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த என்னை மட்டும் விட்டுவிட்டாய். எனக்காக விட்டிருக்கிறாய் என்று தெரிகிறது. சேர்த்துவிடு.

படித்து முடித்ததும் அதை மறுபடி படத்துக்குப் பின்னால் வைக்கப் போனேன். வைக்கவில்லை. மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன்.

மதியம் கூட்டம் இல்லை. ஹேன் விராலைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தேன்.

"ஹேன், உனக்கு ஒண்ணு படிச்சுக் காட்டணும்" என்றேன்.

"படிங்கக்கா, கைல உப்பு" என்றாள்.

படித்தேன். விசேஷம், கால்வாய், சொல்லி அனுப்பியது, விளக்கு. விளக்கு உன் தாளில் இல்லை, நானே சேர்த்துச் சொன்னேன். படகு வரை படித்துவிட்டு நிறுத்தினேன். அவள் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை. இரண்டு மீன் கீறி முடித்தாள். பிறகு சொன்னாள்:

"தெரியும்க்கா. சின்னதுலேருந்தே தெரியும். எங்கம்மாவுக்கும் தெரியும். நீங்க ஒரு நாள் வந்து சொல்வீங்கன்னு சாகற வரைக்கும் பாத்துட்டு இருந்தாங்க."

அவள் அம்மா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தக் காரியத்துக்கு நான் பூ எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாய் வரவில்லை. அவளும் அதை எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "குடுங்க" என்று அந்தப் பக்கத்தை வாங்கினாள். அவளுக்கு மெதுவாகத்தான் படிக்க வரும். விரலை வைத்து மேலிருந்து கீழே போனாள். திரும்பவும் மேலே வந்தாள்.

"இதுல எங்கப்பா பேரே இல்லியேக்கா" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். தியெப்பின் பெயர் இருக்கிறது. லுவானின் பெயர் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் மட்டும் ஒன்பது இடத்தில் எண்ணினேன். அவரைக் கிராமத் தலைவர் ஒருவர் என்று எழுதியிருக்கிறாய். உன்மேல் தப்பு இல்லை. உனக்கு எழுதியபோது நானும் அப்படித்தான் எழுதினேன். தெரியாமல் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை என்பது எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

மீன் சுற்றுகிற தாளில் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். லூ வான் சோய். வயது நாற்பத்தொன்று. படகில் போனபோது மாமனார் வீட்டுக்குக் கொடுக்க மடியில் ஒரு வாத்து வைத்திருந்தாராம். சுட்டதும் அது தண்ணீரில் விழுந்து கரைக்கு நீந்திப் போய்விட்டதாம். அதையும் எழுதச் சொன்னாள்.

வாத்து வேண்டுமா வேண்டாமா என்பதை நீ பார்த்துக்கொள். பெயரைப் போட்டுவிடு.

அண்ணி
சுயேன்